பழுப்பு நாய்

பனித்திட்டில் என் பெரியம்மா வீட்டுக்கு அடுத்த வீட்டு அக்கா ஒருமுறை பதினெட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். “படியில விழுந்துட்டேன்னுதான் டாக்டர்கிட்ட சொன்னேன்” என்றார் என்னிடம். அந்த வீட்டுக்குப் படியே கிடையாது. மிதித்தது யார் என்று தெருவுக்கே தெரியும். கிழிந்த கணையத்தின் வால்பகுதியை எடுத்துத்தான் உயிரைக் காப்பாற்றினார்கள்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்குக் குறுக்கே கிடக்கிறது. வயிற்றில் பலமான உதையோ சைக்கிள் ஹேண்டில்பாரோ பட்டால் எலும்போடு சேர்ந்து நசுங்கும். உணவைச் செரிக்க வைக்கும் நீர் கசிந்து சுற்றியிருக்கும் சதையையே அரிக்கும். எதை வெட்டுவது, எதைக் குடலோடு இணைப்பது என்ற அறிவு மனித உடல்களிலிருந்து மட்டும் வந்ததல்ல. நாய்களிலும் பன்றிகளிலும் வேண்டுமென்றே காயத்தை உண்டாக்கி, பிறகு அதைச் சரிசெய்து பார்த்திருக்கிறார்கள். என் அம்மா போட்டுக்கொள்ளும் இன்சுலினுக்குப் பின்னாலும் 1921இல் டொரண்டோவில் கணையம் அகற்றப்பட்ட நாய்கள் இருக்கின்றன.

அக்கா பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சிக்குள் இருக்கும் வலியை நான் என்ன செய்வது?

1902 டிசம்பரில் லண்டனில் ஸ்டார்லிங் என்ற உடலியலாளர் ஒரு பழுப்பு நாயின் கணைய நாளத்தைக் கட்டினார். 1903 பிப்ரவரியில் அதே நாயை மறுபடி திறந்தார்கள். பேலிஸ் அதை வைத்து மாணவர்களுக்குச் செய்முறை காட்டினார். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் இருவர் ஸ்வீடனிலிருந்து வந்த பெண்கள்: லிஸி லிண்ட் ஆஃப் ஹாகபி, லீசா ஷார்ட்டாவ். நாய் சரியாக மயக்கப்படவில்லை என்று அவர்கள் எழுதினார்கள். மயக்கியிருந்தோம் என்றார் பேலிஸ். அந்தக் குற்றச்சாட்டைப் பொதுமேடையில் பேசியவர்மீது அவதூறு வழக்குப் போட்டு வென்றார். 1906இல் பேட்டர்சியில் அந்த நாய்க்குச் சிலை வைத்தபோது மருத்துவ மாணவர்கள் கொதித்தார்கள். பெண்களின் வாக்குரிமைக் கூட்டங்களுக்குள்ளும் புகுந்து ரகளை செய்தார்கள். 1910இல் சிலை அகற்றப்பட்டது.

நாய்க்காகப் பேசிய பெண்ணும் வாக்குக் கேட்ட பெண்ணும் அந்த மாணவர்களுக்கு ஒரே எதிரியாகத் தெரிந்தார்கள். ஆனால் பெண்ணும் விலங்கும் ஒன்று என்று சொல்ல எனக்கு மனமில்லை. நம்மை விலங்காக நடத்தியவர்கள் சொன்னதும் அதுதானே. நாய்க்குப் பேச வாயில்லை. அக்காவுக்கு வாய் இருந்தும் படியில் விழுந்ததாகச் சொல்ல வேண்டியிருந்தது. இரண்டு மௌனங்களும் வேறு வேறு.

நம் நாட்டில் இந்தக் கேள்வியை மாநிலங்களவைக்குக் கொண்டுபோனவரும் ஒரு பெண்தான், நடனக் கலைஞர் ருக்மிணி தேவி அருண்டேல். அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா, அரசே சட்டம் இயற்றும் என்று நேரு உறுதியளித்தபின் திரும்பப் பெறப்பட்டது. 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன் 17ஆம் பிரிவு, இயன்றவரை மயக்க மருந்து கொடுக்கச் சொல்கிறது. புத்தகமோ மாதிரியோ படமோ போதுமென்றால் சோதனையைத் தவிர்க்கச் சொல்கிறது. வெறும் கைப்பழக்கத்துக்காக விலங்கை அறுப்பதையும் இயன்றவரை தவிர்க்கச் சொல்கிறது. வீட்டு வன்முறையிலிருந்து பெண்ணைக் காக்கும் தனிச் சட்டம் வர 2005 ஆனது. நாய்க்கு முந்திக் கிடைத்துவிட்டதே என்று நான் பொறாமைப்படவில்லை. நமக்கு ஏன் அவ்வளவு காலமானது என்றுதான் கேட்கிறேன்.

“அவசியம்” என்ற ஒரு சொல்லோடு விவாதத்தை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது தொடங்கும் இடம். இந்தக் காயத்தைப் பற்றி இன்னும் தெரியாதது என்ன? ஏற்கெனவே தெரிந்ததற்காக மறுபடி ஓர் உயிரா? ஒவ்வொரு முறையும் கத்தியை எடுப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும். அறுபடும் உயிரால் கேட்க முடியாது.

இன்னொரு கேள்வி நம்மைப் பார்த்து. விபத்துகள் இருக்கும்வரை கணையத்தைத் தைக்கும் அறிவு வேண்டும்தான். ஆனால் அக்காவின் காயம் விபத்தல்ல. அதைத் தடுக்க எந்த நாயையும் அறுத்துப் பார்க்க வேண்டியதில்லை. அன்று அந்தச் சத்தம் கேட்டபோது யாராவது போய்க் கதவைத் தட்டியிருந்தால் போதும். அன்று நானும் பெரியம்மா வீட்டில்தான் இருந்தேன்.