தாய்மொழியில் குறை உண்டா?

ஆரணியில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் அமர்ந்திருந்தேன். பட்டுத் தறியில் கூலிக்கு நெய்யும் வாலிபர் ஒருவர் அருகில் வந்தார்.

"ஹஜ்ரத், எனக்குப் பெண் கேட்டுப் போனார்கள். எங்கள் வீட்டில் தமிழ். அவர்கள் வீட்டில் உர்து. அதனால் சரிவராது என்று சொல்லிவிட்டார்கள். தீனில் குறை இருந்தால் திருத்திக்கொள்வேன். தாய்மொழியை எப்படித் திருத்துவது?"

நான் உர்து பேசும் வீட்டில் பிறந்தவன். எனக்கு உடனே பதில் வரவில்லை.

சகோதரர்களே! ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். நிக்காஹ் என்றதும் பிரிந்துவிடுகிறோம். இது மார்க்கமா, வெறும் வழக்கமா?

மனிதர் கோத்திரங்களாக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவே. மேன்மை தக்வாவினால் மட்டுமே என்று ஹுஜுராத் சூரா 13-ஆம் வசனம் போதிக்கிறது. மொழிகள் வேறுபட்டிருப்பதை அல்லாஹ்வின் அத்தாட்சி என்கிறது ரூம் சூரா 22-ஆம் வசனம். அத்தாட்சியை இழிவாக எண்ணலாமா?

அப்படியானால் மொழிப் பற்றே கூடாதா? அதுவும் தவறு. இமாம் புகாரி (ரஹ்) பிறந்த புகாரா இன்று உஸ்பெகிஸ்தானில் இருக்கிறது. சோவியத் ஆட்சி அங்கு அரபு எழுத்தை நீக்கி லத்தீன் எழுத்தையும், 1940-ல் ரஷ்ய எழுத்தையும் புகுத்தியது. பாட்டனார் எழுதியதைப் பேரன் வாசிக்க முடியாமற் போயிற்று. 1991-ல் விடுதலை வந்தபின், "நாம் யார்?" என்ற கேள்வி அந்நாட்டு வாலிபர் முன் நின்றது. 1993-ல் மீண்டும் லத்தீன் எழுத்துக்குச் சட்டம் செய்தார்கள். நமக்கோ எந்த அரசும் உத்தரவிடவில்லை. ஆயினும் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) எழுதிய அரபுத் தமிழை வாசிப்போர் நம்மில் எத்தனை பேர்?

தம் கூட்டத்தாரை நேசிப்பது இனவெறி ஆகாது. அநீதியில் அவர்களுக்குத் துணை போவதே இனவெறி என்று நபி (ஸல்) அவர்கள் விளக்கியதாக ஹதீஸ் உண்டு. எல்லைக்கோடு இதுதான். வேற்றுமொழி வீட்டில் மகள் எப்படி வாழ்வாள் என்று பெற்றோர் கவலைப்படலாம், பேசித் தீர்க்கலாம். ஆனால் தீனும் குணமும் திருப்தியாக உள்ளவரைத் திருப்பி அனுப்பினால் பூமியில் குழப்பம் விளையும் என்ற நபிமொழியை மறக்கலாமா?

"தம்பி, குறை உம் மொழியில் இல்லை; எங்கள் மனதில் இருக்கிறது" என்றேன். அன்றிரவு என் வீட்டிலும் இதைப் பேசினேன். பேசுவது எளிதாக இல்லை.

வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களைச் சீராக்குவானாக! ஆமீன்.