சான்று கேட்கும் வாசகர்

வானியற்பியலைப் பொதுவாசகருக்குச் சொல்லும் புத்தகங்கள் மேல் எனக்குத் தீராத ஆசை. கூடவே ஒரு கேள்வியும் உண்டு. பிரபஞ்சத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டு என்று படித்துவிட்டுத் தலையாட்டுகிறேன். பஞ்சாங்கத்தில் போட்டிருப்பதற்குத் தலையாட்டுபவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? இரண்டு பேருமே கணக்கைச் சரிபார்க்கவில்லையே.

இயற்பியலாளர் ஸ்டீவன் வெய்ன்பெர்க் 1977இல் எழுதிய 'முதல் மூன்று நிமிடங்கள்' என்ற ஆங்கில நூலில்தான் இதற்குப் பதில் கிடைத்தது. தன் வாசகர் யார் என்பதை முன்னுரையிலேயே சொல்லிவிடுகிறார்: இயற்பியலின் பாஷை தெரியாத, ஆனால் கெட்டிக்காரரான ஒரு வயதான வக்கீல். வாதம் எடுபடாமல் அவர் எதற்கும் இசையமாட்டார். இன்னொரு இயற்பியலாளரான ஹாக்கிங்கிடமோ, நூலில் சேர்க்கும் ஒவ்வொரு சமன்பாடும் விற்பனையைப் பாதியாக்கும் என்றார்களாம். 1988இல் வந்த அவருடைய நூலில் ஒரே ஒரு சமன்பாடுதான். அதையும் விரும்பிப் படித்தேன். ஆனாலும் வக்கீலின் நாற்காலியில் உட்காரவைக்கப்படும் வாசகருக்குக் கிடைக்கும் மரியாதை வேறு.

அந்த மரியாதைக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நியூ ஜெர்சியின் ஹோம்டெலில், பெல் ஆய்வகத்தின் கொம்பு வடிவ ஆன்டெனாவில் 1964இல் பென்சியாஸ், வில்சன் என்ற இரு வானியலாளர்களுக்கு ஓர் இரைச்சல் கேட்டது. எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே அளவு. உள்ளே குடியிருந்த புறாக்களை அப்புறப்படுத்தி, எச்சத்தைக் கழுவி, இணைப்புகளில் அலுமினிய டேப் ஒட்டியும் அது போகவில்லை. அதன் வெப்பநிலை தனிச்சுழிக்கு மேல் சுமார் 3.5 டிகிரி. பெருவெடிப்பின் மிச்சம் அது என்று மறு ஆண்டு விளங்கியது; 1978இல் நோபல் பரிசு வந்தது.

பல புத்தகங்கள் இங்கே கைதட்டிவிட்டு நகர்ந்துவிடும். வெய்ன்பெர்க் நகரவில்லை. ஆல்ஃபரும் ஹெர்மனும் 1948இலேயே இந்த மிச்சத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5 டிகிரி என்று கணித்திருந்தார்களே, ஏன் யாரும் முனைந்து தேடவில்லை என்று கேட்டு ஓர் அத்தியாயமே ஒதுக்குகிறார். எல்லாத் தனிமங்களும் பெருவெடிப்பிலேயே உண்டாயின என்ற பழைய கருத்து பலிக்காமல் போனதில் அந்தக் கோட்பாட்டின் மதிப்பு குறைந்தது ஒரு காரணம். கணித்தவர்களுக்கும் கருவி வைத்திருந்தவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது இன்னொன்று. அவர் அதிகம் அழுத்திச் சொல்வது மூன்றாவதை: மேஜையில் போடும் கணக்கு நிஜ உலகத்தைப் பற்றியது என்று இயற்பியலாளர்களே மனதார நம்புவதில்லை.

இந்த இடத்தைத் தாண்டிப்போக என்னால் முடிவதில்லை. சர்க்கரை ஏறியிருக்கிறது என்ற ரிப்போர்ட்டை பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, பழையபடியே சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! விஷயம் தெரியாமல் இல்லை. தெரிந்தது நம்மைத் தொடாமலே கிடக்கிறது. பிரபஞ்சத்தின் தொடக்கத்தைக் கணக்கிட்டவர்களின் துறையிலும் இதே கதை நடந்திருக்கிறது என்பது எனக்கு ஆறுதலாக இல்லை, எச்சரிக்கையாகத்தான் இருக்கிறது. பூஜ்ஜியங்களை அடுக்கி நாம் எவ்வளவு சிறியவர்கள் என்று மலைக்கவைக்கும் புத்தகங்கள் இந்த இடத்துக்கு வருவதே இல்லை.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம் என்று இளைஞர்கள் கேட்டால் வெய்ன்பெர்க்கின் நூலையே சொல்கிறேன். பழையதாயிற்றே என்பார்கள். உண்மைதான். பிரபஞ்சத்தின் விரிவு வேகமெடுப்பது 1998இல்தான் தெரியவந்தது. அது இதில் இல்லை. ஆனால் ஒவ்வொரு முடிவும் எந்தச் சான்றின் மேல் நிற்கிறது என்று அவர் காட்டியிருப்பதால், புதிய செய்தி வரும்போது எந்தப் பக்கத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது படித்தவருக்கே தெரிந்துவிடுகிறது.