கொடுத்தவர்களைக் கேட்காமல் விற்பது

2012 ஆகஸ்ட் கடைசியில் கலிஃபோர்னியாவில் ஒரு நிறுவனம் இரண்டு தனிமனிதர்கள் மேல் வழக்குப் போட்டது. இருவரும் அங்கே சம்பளம் வாங்கியவர்கள் அல்லர். போட்டிக் கடை விரித்தவர்களும் அல்லர். ஓய்வு நேரத்தில் ஊர்களைப் பற்றி எழுதியவர்கள். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும், எங்கே மலிவாகத் தங்கலாம், இருட்டிய பிறகு எந்தத் தெருவைத் தவிர்க்க வேண்டும் என்று முன்பின் தெரியாத பயணிக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். விக்கிடிராவல் என்ற வழிகாட்டித் தளத்துக்காக இப்படிக் கூலியின்றி எழுதிய பலர், தாங்கள் எழுதியதை எடுத்துக்கொண்டு வேறிடம் போவது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். அந்த முடிவில் முன்நின்றதுதான் இந்த இருவர் செய்த தவறு. வணிகச்சின்ன மீறல், முறையற்ற போட்டி, கூட்டுச்சதி என்று குற்றச்சாட்டுகள் அடுக்கப்பட்டன.

அந்தத் தளத்தை 2003இல் இவான் ப்ரோட்ரோமோ, மிஷெல் ஆன் ஜென்கின்ஸ் இருவரும் தொடங்கினார்கள். விக்கிப்பீடியாவைப் போல யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். 2006 ஏப்ரலில், பின்னாளில் அந்த வழக்கைப் போட்ட இன்டர்நெட் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை வாங்கியது. பெயர் கைமாறியது, முகவரி கைமாறியது, கணினிகள் கைமாறின. கட்டுரைகள் மட்டும் அப்படிக் கைமாறவில்லை. எழுதியவர் யாரென்று குறிப்பிட்டு எவரும் எடுத்தாளலாம், எடுத்தாள்பவர் அதே உரிமையை அடுத்தவருக்கும் தர வேண்டும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் அவை முதல் நாளிலிருந்தே இருந்தன. விற்றவர்களே தொடக்கத்தில் தேர்ந்தெடுத்த உரிமம் அது. வாங்கியவர்களும் அது தெரிந்தே வாங்கினார்கள்.

ஜெர்மன் மொழியில் எழுதியவர்கள் காத்திருக்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே கட்டுரைகளை எடுத்துக்கொண்டு வெளியேறி விக்கிவாயேஜ் என்ற தளத்தைத் தொடங்கினார்கள். அதை நடத்த இலாப நோக்கற்ற சங்கம் ஒன்றையும் பதிவு செய்தார்கள். இத்தாலிய மொழிக்காரர்கள் மறு ஆண்டு பின்தொடர்ந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் புதிய உரிமையாளரோடு ஆறாண்டு காலம் ஒத்துப்போய்ப் பார்த்தார்கள். விளம்பரங்கள் பெருகின, மென்பொருள் பழையதாகவே கிடந்தது, முறையீடுகள் எடுபடவில்லை. கடைசியில் விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை இடம் கொடுக்க முன்வந்தது. 2013 ஜனவரி 15 அன்று விக்கிவாயேஜ் அதன் குடையின் கீழ் முறைப்படி தொடங்கப்பட்டது. வழக்கும் அடுத்த மாதம் சமரசத்தில் முடிந்தது.

கதை நல்லபடியாகவே முடிந்தது. ஆனால் அது எழுப்பும் கேள்வி சட்டத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆயிரம் பேர் தங்கள் நேரத்தையும் அறிவையும் போட்டு வளர்த்த ஒன்றை ஒருவரோ இருவரோ விற்கலாமா? விற்றால், அந்த ஆயிரம் பேருக்கு அவர்கள் கடன்பட்டவர்களா?

விற்பவர் பக்கத்து நியாயத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. கணினிக்கும் இணைப்புக்கும் மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். நள்ளிரவில் தளம் படுத்துவிட்டால் எழுந்து சரி செய்ய ஓர் ஆள் வேண்டும். குப்பைச் செய்திகளை அகற்ற வேண்டும், வம்பு வழக்குகளைத் தீர்க்க வேண்டும். தொடங்கியவர் வாழ்நாள் முழுதும் இதைச் சுமக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிட முடியாது. அவரும் களைத்துப்போவார், அவருக்கும் குடும்பம் உண்டு. பங்களித்தவர்களை யாரும் கட்டாயப்படுத்தவும் இல்லை, விரும்பித்தான் கொடுத்தார்கள். விரும்பிக் கொடுத்ததற்குப் பின்னாளில் கணக்குக் கேட்பது முறையா என்ற கேள்விக்கு வலு உண்டு.

ஆனாலும் கொடையில் இரண்டு வகை. ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, அவர் அதை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விடுவது ஒன்று. ஒரு காரியத்துக்காக நம்பி ஒப்படைப்பது இன்னொன்று. ஊர் வாசகசாலைக்குப் புத்தகம் கொடுப்பவர் வாசகசாலைச் செயலாளருக்குப் புத்தகம் கொடுக்கவில்லை. செயலாளர் நல்லவராக இருக்கலாம், நாள் பூராவும் அங்கே உழைத்தவராகவும் இருக்கலாம். அதனால் அந்தப் புத்தகங்கள் அவர் விற்றுக்கொள்ளும் சொத்தாகிவிடாது. இணையத்தில் பொதுவுக்கென்று எழுதுபவர், பாடுபடுபவர், திருத்துபவர் எல்லாரும் இந்த இரண்டாம் வகைக் கொடையாளிகள். அவர்கள் கொடுத்தது நிறுவனருக்கு அல்ல, ஒருவருக்கொருவர்.

இசைத்தட்டுகளின் கதை இதைத் தெளிவாகக் காட்டும். குறுந்தகடு வந்த காலத்தில் பெரும்பாலான தட்டுகளில் பாட்டு இருக்கும், பாட்டின் பெயர் இருக்காது. 1993இல் டி கான் என்ற நிரலாளர் கணினியில் தட்டு இயக்கும் மென்பொருள் ஒன்றை எழுதினார். தட்டைப் போட்டவர் பாடல் பெயர்களை ஒருமுறை தட்டச்சு செய்து அனுப்பிவிட்டால், உலகில் வேறெங்கும் அதே தட்டைப் போடுபவருக்குப் பெயர்கள் தாமாகத் திரையில் வரும். சிடிடிபி என்று அது பெயர் பெற்றது. எத்தனையோ பேர் தங்களிடமிருந்த தட்டுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பொறுமையாகத் தட்டச்சு செய்தார்கள். 1998இல் அது எஸ்சியன்ட் என்ற நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, பிறகு கிரேஸ்நோட் என்று பெயர் மாறியது. 2001இல் உரிமக் கட்டணம் கட்டாத மென்பொருள்களுக்குக் கதவடைக்கப்பட்டது. 2008இல் சோனி அதை 26 கோடி டாலருக்கு வாங்கியது.

தட்டச்சு செய்தவர்களுக்கு அந்தப் பணத்தில் பங்கு கிடைக்கவில்லை என்பது இங்கே பெரிய குறை அல்ல. அவர்கள் பணத்துக்காகச் செய்யவில்லை. தாங்கள் கொடுத்ததையே தாங்கள் திரும்பப் பெற முடியாமல் போனதுதான் அநீதி. முந்தைய தரவுகள் கட்டற்ற உரிமத்தில் வெளியாகியிருந்ததால் அவற்றைக் கொண்டு ஃப்ரீடிபி என்ற மாற்று உருவானது. ராபர்ட் கேய் மியூசிக்பிரெய்ன்ஸ் என்ற இன்னொன்றைத் தொடங்கினார். 2004இல் அதை யாருக்கும் விற்க முடியாதபடி ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில் வைத்தார். பட்டறிந்தபின் வந்த விவேகம் அது.

ஆகவே விற்பனையின் நியாயத்தை விலையை வைத்து அளக்க முடியாது. வாங்குபவர் நல்லவரா என்பதை வைத்தும் அளக்க முடியாது, ஏனென்றால் அவரும் நாளை விற்பார். கைமாறும்போது, சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு உறுப்பினர்கள் வெளியேற வழி திறந்திருக்கிறதா என்பதே முதலில் கேட்க வேண்டியது. விக்கிடிராவலில் வழி இருந்தது. சிடிடிபியில் பாதிதான் இருந்தது.

எடுத்துச் செல்லவே முடியாதவையும் உண்டு. இந்த வாதத்துக்கு மிகக் கடினமான இடம் இதுதான். கவுச்சர்ஃபிங் 2004இல் தொடங்கிய வலையமைப்பு. ஊர் சுற்ற வருபவருக்கு உள்ளூர்க்காரர் தம் வீட்டில் காசு வாங்காமல் படுக்க இடம் தருவார். முன்பின் அறியாதவரை வீட்டுக்குள் விடும் துணிச்சல் எங்கிருந்து வந்தது? முன்பு அவரோடு தங்கியவர்களும் அவரைத் தங்கவைத்தவர்களும் எழுதிய நற்சான்றுகளிலிருந்து வந்தது. 2006இல் தரவுத்தளம் அழிந்து, எல்லாம் முடிந்தது என்று நிறுவனர் கேசி ஃபென்டன் அறிவித்தபோது, மான்ட்ரியலில் கூடியிருந்த தன்னார்வலர்கள் விடாமல் உட்கார்ந்து தளத்தை மீண்டும் எழுப்பினார்கள். இலாப நோக்கற்றது என்று சொல்லப்பட்ட அந்த அமைப்பு 2011இல் இலாபம் தேடும் நிறுவனமாக மாறி, முதலீட்டாளர்களிடமிருந்து 76 லட்சம் டாலர் பெற்றது. 2020 மே மாதம், கொரோனாவால் யாரும் எங்கும் போக முடியாத நாட்களில், சந்தா கட்டினால்தான் உள்ளே வரலாம் என்ற தடுப்பு உறுப்பினர்கள் முன் எழுந்தது.

தொகை சிறியதுதான், அப்போது மாதத்துக்கு இரண்டரை டாலருக்கும் குறைவு. அந்த ஆண்டு வருமானம் வற்றிப்போனதும் உண்மை. ஆனால் அந்தத் தடுப்புக்குப் பின்னால் பூட்டப்பட்டது ஒருவரின் பத்தாண்டுக் கால நற்பெயர். அதை அவரும் தனியாக எழுதவில்லை. நிறுவனம் நிச்சயமாக எழுதவில்லை. லிமாவிலிருந்தும் இஸ்தான்புல்லிலிருந்தும் வந்து அவர் வீட்டு விருந்தினராக இருந்தவர்கள் எழுதினார்கள். பீவெல்கம், டிரஸ்ட்ரூட்ஸ் போன்ற தன்னார்வ அமைப்புகள் கதவைத் திறந்து வைத்திருந்தன. அங்கே போனவர் எவரும் அறியாத புதியவராகவே போக வேண்டியிருந்தது. காசில்லாமல் பிறர் கொடுத்த நம்பிக்கையைப் பணயமாக வைத்துக் காசு கேட்பதை, சட்டம் அனுமதித்தாலும், நேர்மை என்று சொல்ல முடியாது. ஒரு மாத முன்னறிவிப்பும், சான்றுகளை இறக்கிக்கொள்ள ஒரு வழியும் தந்திருந்தால் இதே சந்தா வேறு பொருள் பெற்றிருக்கும்.

அவகாசம் சின்ன விஷயமாகத் தோன்றும், ஆனால் கைமாறும் இடங்களில் மரியாதை பெரும்பாலும் அதில்தான் தெரியும். தமிழில் எழுதியவர்களுக்கும் இதில் சொந்த அனுபவம் உண்டு. அகத்தியர், ராயர் காப்பி கிளப், மரத்தடி போன்ற யாகூ குழுமங்களில், வலைப்பூக்கள் பரவுவதற்கு முன்பே, இலக்கியச் சர்ச்சையும் சொல்லாராய்ச்சியும் நாள்தோறும் நடந்தன. யாகூவை 2017இல் வெரைசன் வாங்கியது. 2019 அக்டோபரில், குழுமங்களின் பழைய செய்திகள் அழிக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. முதலில் கொடுத்த அவகாசம் இரண்டு மாதத்துக்கும் குறைவு. எதிர்ப்புக்குப் பிறகு சில வாரங்கள் நீட்டித்தார்கள். செய்திகளைக் காப்பாற்றிச் சேமிக்க முயன்ற ஆவணத் தன்னார்வலர்களின் கணக்குகளை நிறுவனம் நடுவில் முடக்கியது. அவற்றில் எழுதியவர்கள் சிலர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். தங்கள் எழுத்தைக் கேட்டு விண்ணப்பிக்க அவர்களால் இயலாது.

இறந்தவர்களின் எழுத்துக்கு வாங்கியவர் பொறுப்பா? ஆம் என்றே சொல்ல வேண்டும். தனக்குப் பயன்படாத ஒன்றைக் காத்து வைக்க நிறுவனத்தால் முடியாமல் போகலாம். காக்க முன்வருபவரைத் தடுக்காமல் இருப்பதற்குச் செலவு மிகக் குறைவு. அதைக்கூட மறுப்பதற்குப் பொருளாதாரக் காரணம் எதையும் காட்ட முடியாது.

வெளியேறும் வழியை மட்டுமல்ல, வெளியேறும் பேச்சையே அடைத்த உரிமையாளர்களும் உண்டு. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் உரையாடிய ஃப்ரீநோட் வலையமைப்பின் கட்டுப்பாடு 2021 மே மாதம் கைமாறியதும், அதை நடத்திவந்த தன்னார்வலர்கள் மொத்தமாக விலகி லிபெரா சாட் என்ற புதிய இடத்தைத் தொடங்கினார்கள். ஒரே வாரத்தில், அந்தப் புதிய இடத்தின் பெயரைத் தலைப்புக் குறிப்பில் வைத்திருந்த நூற்றுக்கணக்கான அறைகளை ஃப்ரீநோட்டின் புதிய நிர்வாகம் பறித்துக்கொண்டது. தயங்கி நின்றவர்களையும் அந்தச் செயலே கிளப்பிவிட்டது.

விற்பனையே கூடாது என்று சொல்வதற்கும் சில இடங்கள் உண்டு. .org என்று முடியும் முகவரிகளைப் பராமரிக்கும் அமைப்பை எத்தோஸ் கேப்பிடல் என்ற முதலீட்டு நிறுவனத்துக்கு 113.5 கோடி டாலருக்கு விற்க, இன்டர்நெட் சொசைட்டி 2019 நவம்பரில் ஒப்புக்கொண்டது. உலகெங்கும் தொண்டு நிறுவனங்கள் எதிர்த்தன. அவை பெயரையும் முகவரியையும் தூக்கிக்கொண்டு வேறிடம் போக முடியாது, ஏனென்றால் அந்த முகவரிதான் அங்கே பண்டம். 2020 ஏப்ரல் 30 அன்று இணையப் பெயர்களை மேற்பார்வையிடும் ஐகேன் அந்தக் கைமாற்றத்துக்கு ஒப்புதல் தர மறுத்தது. வெளியேற வழியில்லாத இடத்தில் உறுப்பினர்களின் சம்மதம் இல்லாமல் உரிமை மாறக் கூடாது என்ற முடிவுக்கு இது நல்ல முன்மாதிரி. அங்கே தடுக்க ஓர் அமைப்பு இருந்தது. தனியார் நடத்தும் பெரும்பாலான இடங்களில் அப்படி யாரும் இல்லை.

சட்டம் இதில் கொஞ்சம்தான் நடந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாம் கொடுத்த தரவுகளைப் பெற்று வேறிடம் கொண்டுபோகும் உரிமையைத் தருகிறது. அவரைப் பற்றிப் பிறர் எழுதிய நற்சான்று அதில் எளிதில் அடங்காது. இந்தியாவில் 2019 மசோதாவில் தரவை எடுத்துச் செல்லும் உரிமை இடம்பெற்றிருந்தது. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அது இல்லை. இந்திய உறுப்பினர் ஒருவர் இருபது ஆண்டு எழுதிய தளம் நாளைக்கு விலைபோனால், எழுதியதை ஒழுங்கான வடிவில் கொடு என்று கேட்க அந்தச் சட்டத்தில் அவருக்கு இடமில்லை. புதிய உரிமையாளர் மனம் வைத்தால்தான் உண்டு.