மயக்கத்தில் மறைவது எது?

ஹைதராபாத்தில் ஒரு மாலை நேரம். ஆன்மிக வகுப்பு முடிந்து அனைவரும் கலைந்துகொண்டிருந்தனர். வயது முதிர்ந்த தாயார் ஒருவர் மட்டும் தயங்கி நின்றார்.

"சுவாமிஜி, என் மகனுக்கு மனச்சோர்வு நோய் என்கிறார் மருத்துவர். மூளையின் செயல்பாட்டில் கோளாறு, மாத்திரை சாப்பிட வேண்டும் என்கிறார். உறவினர்களோ, 'பக்தி போதவில்லை, ஜபம் செய்தால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிறார்கள். அதைக் கேட்டு அவன் மாத்திரையை நிறுத்திவிட்டான். மனம் என்பது உடம்பைச் சேர்ந்ததா, ஆன்மாவைச் சேர்ந்ததா? எனக்குப் புரியும்படி சொல்லுங்கள்."

தத்துவம் படித்த நாட்களில் இதே கேள்வியை நாங்கள் இரவெல்லாம் விவாதித்ததுண்டு. அங்கே விடை தவறினால் குறைவது மதிப்பெண். இங்கே விடை தவறினால் பாதிக்கப்படுவது ஓர் இளைஞனின் வாழ்க்கை.

குளோரோஃபார்ம் கற்பித்த பாடம்

இந்தக் கேள்வியோடு நெருங்கிய தொடர்புடைய ஓர் ஆராய்ச்சி இதே ஹைதராபாத்தில் நடந்தது. அப்போது ஆங்கில ரெசிடென்சியின் மருத்துவராக இருந்தவர் எட்வர்ட் லாரி. அறுவை சிகிச்சைக்குக் குளோரோஃபார்ம் கொடுக்கும்போது சிலர் இறந்துபோகிறார்களே, முதலில் நிற்பது மூச்சா, இதயமா? இதை ஆராய நிஜாம் மீர் மஹபூப் அலி கானின் ஆதரவுடன் 1888-இல் ஒரு குழு அமைந்தது. மூச்சே முதலில் நிற்கிறது என்றார் லாரி. லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' மருத்துவ இதழ் ஐயம் தெரிவித்தது. நிஜாம் பொருளுதவி செய்ய, அவ்விதழின் சார்பில் லாடர் பிரண்டன் 1889-இல் ஹைதராபாத் வந்தார். இரண்டாம் குழுவின் சோதனைகளுக்குப் பின் அவரும் லாரியின் முடிவையே ஏற்றார்.

நம் கேள்விக்கு முக்கியமானது வேறொன்று. சில துளி மருந்தின் ஆவி உள்ளே சென்றதும் மனிதனின் நினைவு, ஆசை, அச்சம், 'நான்' என்ற எண்ணம் அனைத்தும் மறைந்துவிடுகின்றன. அப்படியானால் உணர்வு என்பது உடலின் விளைபொருள்தானே என்று ஜடவாதி கேட்கிறார். திரியும் எண்ணெயும் தீர்ந்தால் சுடர் அணைந்துவிடுவது போலத்தான் இதுவும் என்பது அவரது வாதம்.

வேதாந்தி மற்றோர் உவமை கூறுகிறார். குடத்து நீரில் சூரியன் பிரதிபலிக்கிறது. நீர் கலங்கினால் பிம்பம் சிதறுகிறது; குடம் உடைந்தால் பிம்பமே இல்லை. ஆனால் சூரியனுக்கு எதுவும் நேர்ந்துவிடவில்லை. மயக்கத்தில் மறைவது மனமாகிய நீரில் தெரிந்த பிம்பமே என்கிறார் அவர்.

இங்கே நாம் நேர்மையாக இருக்கவேண்டும். இரண்டு உவமைகளும் அதே நிகழ்ச்சிக்குப் பொருந்துகின்றன. ஆகவே, குளோரோஃபார்ம் ஆன்மா இல்லை என்பதையும் நிரூபிக்கவில்லை, உண்டு என்பதையும் நிரூபிக்கவில்லை. 'ஒன்றும் அறியாமல் சுகமாக உறங்கினேன்' என்று எழுந்தபின் கூறுகிறோமே, உறக்கத்திலும் சாட்சி ஒருவர் இருந்ததற்கு அதுவே சான்று என்பர் அத்வைதிகள். அது நினைவு அல்ல, எழுந்தபின் செய்யும் அனுமானமே என்று மறுப்பர் நையாயிகர். ஆன்மாவை ஏற்பவர்களுக்குள்ளேயே இந்த விவாதம் பல நூற்றாண்டுகளாக நடந்து வருகிறது.

அவசர முடிவின் ஆபத்தை லாரியின் கதையே உணர்த்துகிறது. 1911-இல் ஏ. ஜி. லெவி என்ற ஆங்கில ஆராய்ச்சியாளர், மயக்கம் ஆழமாக இல்லாதபோதும் குளோரோஃபார்மால் இதயம் திடீரென நின்றுவிடக்கூடும் என்பதைச் சோதனையால் காட்டினார். மூச்சை மட்டும் கவனித்தால் போதும் என்ற உறுதி எவ்வளவு ஆபத்தானது! 'எல்லாம் மூளையே' என்ற உறுதியும், 'எல்லாம் பக்தியே' என்ற உறுதியும் அத்தகையவையே.

சுவேதகேதுவின் பதினைந்து நாட்கள்

மனம் உடலைச் சார்ந்தது என்று கேட்டால் ஆன்மிக அன்பர்கள் சிலர் அதிர்ச்சி அடைகின்றனர். உபநிஷத ரிஷிகள் அதிர்ச்சி அடையவில்லை. சாந்தோக்கிய உபநிஷதத்தின் ஆறாம் அத்தியாயத்தில், உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவைப் பதினைந்து நாட்கள் உண்ணாமல், நீர் மட்டும் பருகி இருக்கச் செய்கிறார். பிறகு வேதத்தைச் சொல்லுமாறு கேட்கிறார். பன்னிரண்டு ஆண்டுகள் பயின்ற வேதம் அவன் நினைவுக்கு வரவில்லை! உண்டு வந்தபின் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான். உண்ணும் உணவின் மிக நுண்ணிய பகுதியே மனமாகிறது என்று தந்தை விளக்குகிறார்.

ஆகவே, வேதாந்தத்தின்படி மனம் ஆன்மா அன்று. அதுவும் இயற்கையைச் சேர்ந்தது, நுண்ணிய ஜடப்பொருள், ஒரு கருவி. அந்தக்கரணம், அதாவது உட்கருவி என்ற பெயரே இதைச் சொல்கிறது. கருவி பழுதாகலாம், பழுது நீக்க மருந்தும் பயன்படலாம். இதில் ஆன்மாவுக்கு எந்த இழுக்கும் இல்லை.

காய்ச்சலும் பக்தியும்

சுவாமி விவேகானந்தர் 1893 பிப்ரவரியில் ஹைதராபாத் வந்தார். அங்கே கண்ட ஓர் அந்தணரைப் பற்றி 1900-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் மனத்தின் ஆற்றல்கள் குறித்துப் பேசியபோது அவர் நினைவுகூர்ந்தார். கேட்ட பழங்களையும் மலர்களையும் குவியல் குவியலாக வரவழைத்துக் காட்டிய அந்த மனிதர், அப்போது காய்ச்சலால் அவதிப்பட்டுக்கொண்டிருந்தார்! பிறரை வியக்கவைத்தவரும் உடலின் நியதிக்கு விலக்காகவில்லை.

நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1897 ஆகஸ்ட் 20 அன்று, அருகிலுள்ள செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் மலேரியாக் கிருமியைக் கொசுவின் வயிற்றில் கண்டறிந்தார். அக்கிருமியின் பாதிப்பு மூளையை எட்டினால் நோயாளி பிதற்றுவார், உற்றாரையும் அறியமாட்டார். அவரிடம் யாரேனும், 'உனக்குப் பக்தி போதவில்லை' என்று சொல்வோமா? பிறகு மனச்சோர்வால் வாடுபவரிடம் மட்டும் ஏன் அப்படிச் சொல்கிறோம்?

அப்படியானால் ஆன்மிகத்திற்கு என்ன வேலை? கோபம் எழுகிறது. பரம்பரை, உடல்நிலை, பழைய சம்ஸ்காரம் என்று அதற்குக் காரணங்கள் பல. ஆனால் 'எனக்குக் கோபம் வருகிறது' என்று அதை அறிகிறோமே, அந்த அறிதலில் ஒரு சிறு இடைவெளி கிடைக்கிறது. சாதனைகள் அனைத்தும் அந்த இடைவெளியை விரிவாக்கும் முயற்சிகளே. கருவி மிகவும் பழுதான நாட்களில் அது கிடைப்பது அரிது. மருந்து அதை மீட்டுத் தர உதவலாம். மிதமிஞ்சி உண்பவனுக்கும், அறவே உண்ணாதவனுக்கும் யோகம் கைகூடாது என்று கீதையில் பகவான் கூறுவதும் இந்தக் கருவியைப் பேணுவதற்காகவே.

அந்தத் தாயாரிடம் நான் சொன்னது இவ்வளவே: "அம்மா, மகனை நாளையே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவோ, மாற்றவோ வேண்டாம். பக்திக் குறைவு என்று வீட்டில் யாரும் அவனிடம் சொல்லவும் வேண்டாம்."

"அப்படியானால் ஜபம், சுவாமிஜி?"

"நீங்கள் செய்யுங்கள், அம்மா. அவனால் முடிகிற நாளில் அவனும் உங்கள் அருகில் வந்து அமரட்டும். முடியாத நாளில் அவன் அருகில் நீங்கள் சென்று அமருங்கள். அதுவும் வழிபாடே."