வாயில்லா உயிரும் வாயடைக்கப்பட்ட மனிதனும்

2024ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று ஹஜ்ஜுப் பெருநாள். குர்பானி இறைச்சியைப் பங்கிட்டு முடித்த இரண்டொரு நாளில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் ஒப்பாரி எழுந்தது. மெத்தனால் கலந்த கள்ளச்சாராயத்தைக் குடித்தவர்களில் 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெருநாளுக்காக ஊர் வந்திருந்த என் பழைய மாணவர் ஒருவர் அந்நாட்களில் என்னைக் காண வந்தார். மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பணிபுரிபவர் அவர்.

"ஹஜ்ரத், எலிகளுக்கு நஞ்சூட்டிப் பார்ப்பது என் வேலை. மனித உயிரைக் காக்கத்தானே என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறேன். குர்பானியைப் போல இதுவும் ஆகுமானதுதானா?" என்று கேட்டார்.

உடனே விடை கூற என்னால் இயலவில்லை. அவர் மேலும் கூறிய செய்தியோ வினாவை இன்னும் கடினமாக்கியது. மெத்தனால் மனித உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறித் தேங்குகிறது. கண் நரம்பைக் கெடுத்து, உயிரையும் பறிக்கிறது. எலியின் உடலோ அவ்வமிலத்தை விரைந்து அழித்துவிடுவதால், மனிதனுக்கு நேரும் கேடு அதற்கு நேருவதில்லை. எலியை மட்டும் நம்பியிருந்தால் இந்நஞ்சின் கொடுமை விளங்கியிராது. குரங்கின் உடல்தான் நம் உடலைப் போன்றே பாதிக்கப்படுகிறது. ஃபோமெபிசோல் என்னும் மருந்து இதற்கு முறிவாகும் என்பதும் குரங்குகளிடம் நடந்த சோதனைகளிலேயே புலப்பட்டது.

எந்த ஒற்றுமையினால் குரங்கு நமக்குச் சரியான விடையைத் தருகிறதோ, அதே ஒற்றுமையினால்தான் அதன் வேதனையும் நம் வேதனையை ஒத்திருக்கிறது. சோதனை எவ்வளவு பயனுடையதோ அவ்வளவுக்கு மனச்சான்றும் கனக்கிறது.

இதற்குக் குர்பானியையே ஆதாரமாகக் காட்டிவிட முடியுமா? அறுக்க அனுமதித்த மார்க்கம் அதற்கு எல்லையும் வகுத்தது. கத்தி கூர்மையாக இருக்க வேண்டும் என்றும், பிராணியைத் துன்புறுத்தாமல் விரைந்து அறுக்க வேண்டும் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அம்பெய்து பழகுவதைத் தடுத்தார்கள். எனவே, உயிரை எடுக்கும் அனுமதி வேதனை செய்யும் அனுமதியாகிவிடாது. வேதனை தருவதற்குத் தனிக் காரணம் வேண்டும். அதுவே 'ழரூரத்' எனப்படும் நிர்ப்பந்தம். நிர்ப்பந்தம் எவ்வளவோ அவ்வளவே அனுமதி என்பது ஃபிக்ஹுக் கலை அறிஞர்களின் விதி.

நிர்ப்பந்தம் நிலையானதன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. நாய்க்கடிக்காகத் தொப்புளைச் சுற்றிப் போட்ட ஊசிகளை முதியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். குன்னூர் பாஸ்டர் நிலையம் போன்ற இடங்களில், ஆட்டின் மூளையில் வெறிநோய்க் கிருமியைச் செலுத்தி, நோய் முற்றிய ஆட்டின் மூளையிலிருந்தே அம்மருந்தைத் தயாரித்தனர். வேறு வழியில்லாத காலத்தில் அது எண்ணற்ற உயிர்களைக் காத்தது. பின்னர் ஆய்வுக்கூடத்தில் வளர்க்கும் உயிரணுக்களிலிருந்து தடுப்பூசி செய்யும் முறை வந்தது. ஆட்டு மூளை மருந்தை இந்தியா 2004இல் கைவிட்டது. மாற்று வழி பிறந்ததும் பழைய அனுமதியும் முடிந்தது. தவிர்க்கக்கூடிய இடத்தில் விலங்குச் சோதனையைத் தவிர்க்க வேண்டும் என்றே 1960ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டமும் கூறுகிறது.

அப்படியானால் விலங்கை விட்டுவிட்டு மனிதனிடமே சோதிக்கலாமா? சிங்கத்திடமோ குதிரையிடமோ கண்ட பலன் மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம். ஆகவே மருந்தை மனித உடலில்தான் சோதித்தறிய வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இப்னு ஸீனா 'அல்கானூன்' நூலில் எழுதினார். எந்த மருந்தும் இறுதியில் ஒரு மனிதனிடம் முதன்முதலாக வந்தே தீரும். அம்மனிதன் யார் என்பதே கேள்வி.

ஹிட்லரின் சிறைமுகாம்களில் மனிதர்களைச் சோதனைப் பொருளாக்கிய மருத்துவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றம், 1947இல் பத்து நெறிகளை வகுத்தது. மனிதனின் மனமுவந்த சம்மதம் வேண்டும் என்பது முதல் நெறி. விலங்குகளிடம் முன்னரே சோதித்திருக்க வேண்டும் என்பதும் அவற்றுள் அடங்கும். விலங்கால் சம்மதம் தர இயலாது, மனிதனால் இயலும். அச்சம்மதத்தைப் பறித்துவிட்டால் மனிதனையும் வாயில்லாப் பிராணியாக்கிவிட்டோம் என்றே பொருள்.

2009இல் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமியருக்குப் போட்டு ஓர் ஆய்வுத் திட்டம் நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமியர் பலர் அதில் இருந்தனர். பெற்றோர் கையொப்பமிட வேண்டிய தாள்களில் விடுதிக் காப்பாளர்கள் கையொப்பமிட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. 2010இல் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. அத்தடுப்பூசி பயனுள்ளது என்பதை உலகம் ஏற்றிருக்கிறது. குற்றம் மருந்தில் இல்லை. கேட்காமலே கேட்டதாகக் கொண்டதில் இருக்கிறது.

நம் கல்வராயன் மலையிலும் பழங்குடிப் பிள்ளைகள் உண்டு உறைவிடப் பள்ளிகளில் படிக்கிறார்கள். நாளை அங்கே அப்படியொரு தாள் வந்தால், அதைத் தாய் தந்தையருக்கு வாசித்துக் காட்டி, "வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு" என்று கூறுபவர் யார்? வறியவனின் மௌனத்தைச் சம்மதமாக எழுதிக்கொள்வதைவிட, எலிக்கு நஞ்சூட்டுவது சிறிய பிழை என்றே கருதுகிறேன்.

என் மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "இச்சோதனைக்கு மாற்று வழி உண்டா, வேதனையைக் குறைத்தோமா, இதன் முடிவு மனிதனுக்குப் பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். கேட்காமல் செய்யும் நாளில் உங்கள் அனுமதி முடிந்துவிட்டது என்று கொள்ளுங்கள். அந்த உயிர் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதற்காகப் பேச உங்களையன்றி அங்கே வேறெவரும் இல்லை."

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.