உம்மா கேட்கும் கேள்வி

ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் என்னைத் தனியே அழைத்தார். "ஹஜ்ரத், உம்மாவுக்கு மறதி நோய். மஃரிப் நேரமானால் 'வாப்பா இன்னும் வரலையே' என்று வாசலுக்கு ஓடுகிறார்கள். வாப்பா மவ்த்தாகி ஆறு வருடமாகிறது. உண்மையைச் சொன்னால் அன்றுதான் கேட்பதுபோல் அழுகிறார்கள். 'வருவார்' என்றால் பொய்யாகிறது. நான் என்ன செய்வது?" என்றார்.

பொய் ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால், தெரிந்த உண்மையை ஒவ்வொரு முறையும் சொல்லியே தீர வேண்டும் என்று மார்க்கம் கட்டளையிடவில்லை. ஹிஜ்ரத் பயணத்தில், உடன் வருபவர் யாரென்று கேட்டவர்களுக்கு ஹழ்ரத் அபூபக்கர் (ரலி) அவர்கள், தமக்கு வழி காட்டுபவர் என்று பதிலளித்த செய்தி புகாரியில் வருகிறது. கேட்டவர்கள் பாதை காட்டுபவர் என எண்ணினார்கள். ஹழ்ரத் அவர்கள் கருதியது நேர்வழியை. அதில் பொய்யுமில்லை, ஆபத்துமில்லை.

நீங்களும் "வாப்பாவைத் தேடுதா உம்மா? வாப்பா உங்களுக்கு முதன்முதல் வாங்கித் தந்த சேலை எது?" என்று கையைப் பிடித்துக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குள் இருப்பது பயம். பயம் தணிந்தால் கேள்வியும் தணியும்.

பசி, வலி, மலச்சிக்கல், நீர்க்கடுப்பு, இரைச்சல், அந்தி இருட்டு ஆகியவற்றால் வரும் வேதனையைச் சொல்லத் தெரியாமல் கோபப்படுவதும் உண்டு. பாங்குக்கு முன்பே விளக்கேற்றுங்கள். குளிப்பும் உணவும் தினமும் ஒரே நேரத்தில் அமையட்டும். மடிக்கத் துணி கொடுங்கள். திடீரெனக் குழப்பம் கூடினால் மருத்துவரிடம் காட்டுங்கள். அடக்கி வைக்கும் மாத்திரையை முதல் வழியாக நாட வேண்டாம். மறதி நோயுள்ள முதியோருக்கு மனநோய் மருந்துகள் மரண அபாயத்தைக் கூட்டுவதாக 2005-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரித்தது. ஏற்கெனவே கொடுத்து வருவதைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

பிறகு நான் கேட்டேன்: "இரவில் உம்மாவுடன் விழித்திருப்பவர் யார்?"

"என் வீட்டுக்காரி" என்று தலைகுனிந்தார்.

பெற்றோரிடம் 'சீ' என்றும் சொல்லலாகாது என்ற திருமறைக் கட்டளை (17:23) பிள்ளைகளை நோக்கியது. மருமகள் செய்வது அவளுடைய நற்குணம். அதைக் கடனாக வசூலிப்பது அநீதி. உறக்கமற்றவரின் நாவில்தான் அந்தச் 'சீ' முதலில் பிறக்கிறது. இந்நோயாளிகளைப் பராமரிப்போருக்காக 1981-ல் அமெரிக்காவில் வெளிவந்த நூலுக்கு '36 மணி நேர நாள்' என்றே பெயர் வைத்தார்கள்.

ஆகவே சகோதர சகோதரிகளே, எது பொய், எது உண்மை என்று கேட்கும் முன், இன்றிரவு யார் முறை என்று பிள்ளைகள் கேட்டுக்கொள்வோம். அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.