சாக்குத்துணியில் ஒரு கேள்வி

1973இல் சிலியில் ராணுவத் தளபதி பினோசே ஆட்சியைப் பிடித்தபின், ராணுவம் இழுத்துப்போன பிள்ளைகளும் கணவன்மாரும் பலர் வீடு திரும்பவில்லை. கேட்டால் பதில் இல்லை. தலைநகர் சாந்தியாகோவின் பெண்கள் தேவாலய நிழலில் கூடி, சாக்கில் ஒட்டுத்துணி தைத்தார்கள். பின்னால் ஆண்டீஸ் மலை, மேலே சூரியன், கீழே விரலளவு துணிப் பொம்மைகள்; அவற்றின் கையில் 'எங்கே அவர்கள்?' என்ற பதாகை. காணாமல் போனவரின் சட்டையையே வெட்டித் தைத்தவர்களும் உண்டு. கத்தரி வைக்க எப்படித்தான் மனம் வந்ததோ! 'அர்பியேரா' எனும் இத்துணிகள் ரகசியமாக வெளிநாடு போய் விற்றன; அந்தக் காசில் பல வீடுகளில் அடுப்பு எரிந்தது. 1990இல் பினோசே அதிபர் பதவியை விட்டு இறங்கினார். காணாமல் போனவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இன்றுவரை கிடைக்கவில்லை.